பிள்ளைகளுக்கு மவுத் கார்டு: மலிவானது போதுமா?

கேள்வி: என் மகனுக்கு 14 வயது, பள்ளி அணியில் ஹாக்கி ஆடுகிறான். மகளுக்கு 9 வயது, கராத்தே கற்றுக்கொள்கிறாள். போன மாதம் மகனோடு ஆடும் ஒரு பையனுக்கு மட்டை பட்டு முன்பல் பாதி உடைந்துவிட்டது. அன்றிலிருந்து எல்லோரும் மவுத் கார்டு, அதாவது மேல்பற்களில் மாட்டிக்கொள்ளும் மெத்தென்ற காப்பு உறை, போட்டுக்கொண்டுதான் வர வேண்டும் என்று பயிற்சியாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கடையில் பார்த்தால் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் விலை பல மடங்கு வித்தியாசப்படுகிறது. பல் மருத்துவரிடம் அளவு கொடுத்துச் செய்தால் அதைவிடக் கூடுதலாம். இரண்டு பேருக்கும் வாங்குவதென்றால் கையைக் கடிக்கிறது. மலிவானதை வாங்கினால் பிள்ளைகளின் பல்லோடு விளையாடுவது போல ஆகிவிடுமா? மகனுக்கு இன்னும் ஆறு மாதத்தில் பல்லுக்குக் கம்பி கட்டப் போகிறோம். மகளுக்குப் பால்பற்கள் விழுந்து முளைத்துக்கொண்டிருக்கின்றன. என் கணவர் தூக்கத்தில் பல்லைக் கடிப்பதால் இரவில் ஒரு பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொள்கிறார். அதைப் போலவே ஒன்று செய்து கொடுத்தால் ஆகாதா என்று கேட்கிறார். எதை வாங்குவது, டாக்டர்?
– ஒரு தாய்

பதில்:

மலிவானதை வாங்குவது பல்லோடு விளையாடுவது ஆகாதம்மா. வாயில் நிற்காததை வாங்கினால்தான் அப்படி ஆகும். நிறையப் பணம் கொடுத்து வாங்கிய கார்டு பையன் வாயைத் திறந்ததும் நாக்கில் விழுவதைப் பார்த்திருக்கிறேன். கடையின் மூலையில் தொங்கிய சாதாரணக் கார்டு, வீட்டில் பொறுமையாக அமைத்ததால் பல்லோடு ஒட்டிக்கொண்டது போல நிற்பதையும் பார்த்திருக்கிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் இப்போதைக்கு வெந்நீரில் போட்டுக் கடித்து அமைக்கும் ரகம் போதும். அதிலும் நடுத்தர விலையில் உள்ளது போதும். மகனுக்குக் கம்பி கட்டியதும் அதற்கென்றே வரும் கார்டுக்கு மாற வேண்டும். அளவு கொடுத்துச் செய்வதைக் கம்பி கழற்றிய பிறகு யோசிக்கலாம். இந்த வரிசை ஏன் என்பதைத்தான் இனி சொல்லப் போகிறேன். காரணம் தெரிந்தால் கடைக்காரர் எதைக் காட்டினாலும் நீங்கள் குழம்ப மாட்டீர்கள்.

மைதானத்தில் அடிபடும் பற்களில் பெரும்பாலானவை மேல்வரிசை நடு முன்பற்கள்தான். முகத்தில் மூக்குக்கு அடுத்தபடி முன்னால் நிற்பவை அவை. ஹாக்கிப் பந்தின் எடை 156 முதல் 163 கிராம். கெட்டியான பந்து. அது நேராக ஒரு பல்லில் பட்டால் அத்தனை வேகத்தையும் அந்த ஒரு பல் தாங்க வேண்டும். கார்டு இருந்தால் அடி பக்கத்துப் பற்களுக்கும் எலும்புக்கும் பரவிவிடும், கொஞ்சம் கார்டிலேயே அடங்கிவிடும். இன்னொரு வேலையும் அது செய்கிறது. தாடையின் கீழ் அடிபட்டால் கீழ்ப்பற்கள் மேல்பற்களில் போய் மோதும். அப்போதுதான் கடைவாய்ப்பல்லின் முனைகள் சிதறும், நடுவில் அகப்பட்ட நாக்கு கிழியும். கராத்தேயில் இந்த வகை அடி அதிகம். கார்டு இரண்டு வரிசைகளுக்கும் நடுவே மெத்தை போலக் கிடக்கும். கார்டு அணியாமல் ஆடுபவர்களுக்குப் பல்லிலும் வாயிலும் காயம் படும் வாய்ப்பு, அணிந்து ஆடுபவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

உங்கள் மகனுக்கு எதற்காகக் கம்பி கட்டப் போகிறீர்கள் என்று எழுதவில்லை. மேல் முன்பற்கள் தூக்கலாக இருப்பதால் என்றால், அவனுக்குக் கார்டு மற்றவர்களைவிட அவசியம். மேல்பல் கீழ்ப்பல்லைவிட 3 மில்லிமீட்டருக்கு மேல் முன்னால் நின்றால் அடிபடும் ஆபத்து நன்றாகவே கூடுகிறது. உதடு சும்மா இருக்கும்போதும் மூடாமல் பல் தெரிந்தால் இன்னும் மோசம். உதடும் ஒரு மெத்தைதானே, அது அங்கே இல்லை என்று அர்த்தம்.

மூளை அதிர்ச்சியைத் தடுக்கும் என்று சில உறைகளில் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். பல்லையும் உதட்டையும் காப்பதற்கு இருக்கும் அளவு உறுதியான ஆதாரம் அதற்கு இல்லை. கார்டு போட்டிருக்கும் பிள்ளைக்குத் தலையில் அடிபட்டாலும், போடாத பிள்ளையைக் கவனிப்பது போலத்தான் கவனிக்க வேண்டும்.

சரி, கடைக்குப் போவோம். அங்கே இருப்பவை இரண்டே வகை. ஒன்று, உறையைப் பிரித்து நேராக வாயில் போட்டுக்கொள்ளும் ரெடிமேடு. இருப்பதிலேயே மலிவு. இதை வாங்க வேண்டாம். எல்லோருக்கும் பொதுவாகச் செய்த ஒன்று யாருடைய பல்லிலும் சரியாக உட்காராது. பிள்ளை அதைப் பல்லைக் கடித்தபடியேதான் பிடித்துக்கொள்ள வேண்டும். வாயைத் திறந்தால் விழும், மூச்சு வாங்கும்போது தடுக்கும். இரண்டாம் நாளே பையின் அடியில் போய்விடும். பையில் கிடக்கும் கார்டு எந்த அடியையும் தாங்கப் போவதில்லை.

இரண்டாவது வகை வெந்நீர்க் கார்டு. இதன் பிளாஸ்டிக் பெரும்பாலும் எத்திலின் வினைல் அசிடேட், சுருக்கமாக இவிஏ. காலணியின் மெத்தென்ற அடிப்பாகம் செய்வதும் இந்த வகைப் பொருளில்தான். சூட்டில் இளகும், ஆறினால் அந்த வடிவத்திலேயே நிற்கும். பல் மருத்துவர் அளவெடுத்துச் செய்யும் கார்டும் பெரும்பாலும் இதே இவிஏதான் என்பது பலருக்குத் தெரியாது. பொருள் ஒன்று, அதைப் பல்லில் படிய வைக்கும் விதம்தான் வேறு.

விலை ஏற ஏற உறையில் 'ஜெல் அடுக்கு', 'மூன்று அடுக்கு', 'கூடுதல் தடிமன்' என்று போட்டிருக்கும். தடிமன் முக்கியம்தான். முன்பற்களின் வெளிப்பக்கம் சுமார் 3 மில்லிமீட்டர், கடிக்கும் இடத்தில் 2 முதல் 3 மில்லிமீட்டர் இருந்தால் நல்லது. ஆனால் 4 மில்லிமீட்டரைத் தாண்டினால் கிடைக்கும் கூடுதல் பாதுகாப்பு சொற்பம். உதடு மட்டும் முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கும், பேச்சு குழறும். ஆகவே 'ரொம்பத் தடிமன்' என்பதற்காக விலை கொடுக்க வேண்டாம். வாசனை சேர்த்த கார்டு வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. பிள்ளைகள் அதை மிட்டாய் மாதிரி மென்றே தீர்த்துவிடுவார்கள். உறையில் 'பல் உடைந்தால் இழப்பீடு' என்று போட்டிருந்தால் நிபந்தனைகளைப் படித்துப் பாருங்கள். பில்லை வைத்திருக்க வேண்டும், அவர்கள் சொன்னபடியேதான் அமைத்திருக்க வேண்டும் என்றெல்லாம் பொடி எழுத்தில் இருக்கும். அதை நம்பி ஒன்றைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

நிறம் பிள்ளைகளின் விருப்பம். பளிச்சென்று இருந்தால் புல்லில் விழுந்தாலும் கண்ணில் படும், வாயில் இருக்கிறதா என்று பயிற்சியாளருக்குத் தூரத்திலிருந்தே தெரியும். சிவப்பு மட்டும் வேண்டாம். ரத்தமா கார்டா என்று தெரியாமல் போகும் என்பதால் அமெச்சூர் குத்துச்சண்டையில் சிவப்புக் கார்டை அனுமதிப்பதில்லை. எந்த ஆட்டத்துக்கும் பொருந்துகிற யோசனைதான் அது.

குத்துச்சண்டையைச் சொன்னதால் ஒன்று நினைவுக்கு வருகிறது. இந்தக் கார்டு பிறந்ததே அங்கேதான். 1890களில் லண்டனில் வுல்ஃப் கிராஸ் என்ற பல் மருத்துவர், உதடு கிழியாமல் இருக்கக் குத்துச்சண்டை வீரர்களின் மேல்பல்லில் கட்டாபெர்ச்சா என்ற மரப்பாலைப் பட்டையாக ஒட்டி அனுப்பினார். அதே கட்டாபெர்ச்சாவைத்தான் இன்றைக்கும் வேர் சிகிச்சை செய்த பல்லின் உள்ளே நாங்கள் அடைக்கிறோம். பல்லைக் காக்க வெளியே ஒட்டியது, காக்கத் தவறினால் உள்ளே போகிறது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். வெந்நீர்க் கார்டின் தரத்தில் பாதி கம்பெனியில் தயாராகிறது, மீதிப் பாதி உங்கள் அடுப்படியில். அந்தப் பத்து நிமிடத்தைத்தான் எல்லோரும் அவசரமாக முடித்துவிடுகிறார்கள். என்னிடம் ஒரு பையன் உதட்டுக் காயத்துடன் வந்தான். கார்டு போட்டுத்தான் ஆடினான். அந்தக் கார்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தேன். கடைவாய்ப் பக்கம் பல்லின் தடம் அந்தப் பக்கத்து விளக்கு தெரியும் அளவுக்கு மெலிந்திருந்தது. தடிமன் அளக்கும் கருவியை வைத்தால் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. 'நல்லா கடி, நல்லா கடி' என்று அப்பா சொல்லியிருக்கிறார், அவனும் முழு பலத்தோடு கடித்திருக்கிறான். வாங்கும்போது மூன்று மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருந்த மெத்தை, முதல் நாளே கடியில் போய்விட்டது. முன்பக்கம் உதட்டோடு அழுத்தவே இல்லை, அதனால் அங்கே பல்லுக்கும் கார்டுக்கும் நடுவே இடைவெளி.

ஆகவே நீங்கள் இப்படிச் செய்யுங்கள். தண்ணீரை அடுப்பில் வைப்பதற்கு முன்பே கார்டை அப்படியே வாயில் வைத்துப் பாருங்கள். பின்முனை எங்கே முடிகிறது? மகனுக்கு முதல் பெரிய கடைவாய்ப்பல்லையாவது முழுக்க மூட வேண்டும். அதற்கும் பின்னால் அண்ணத்தைத் தொட்டு ஓங்கரிப்பு வந்தால், அது நிற்கும் அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கத்தரியால் நறுக்குங்கள். கூடுதலாக வெட்டிவிட்டால் ஒட்ட முடியாது. மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தால் நடுவில் உதட்டையும் ஈறையும் இணைக்கும் மெல்லிய சவ்வு ஒன்று தெரியும். கார்டில் அந்த இடத்தில் சின்னப் பள்ளம் இருக்க வேண்டும். இல்லையென்றால் உதடு அசையும்போதெல்லாம் கார்டு இறங்கும், சவ்வும் புண்ணாகும். அப்புறம் கார்டின் நடுவை முன்பற்கள் இரண்டும் சேரும் கோட்டுக்கு நேராக வைத்து, கண்ணாடி முன்னால் இரண்டு மூன்று முறை ஒத்திகை பாருங்கள். சூடான கார்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்க நேரம் இருக்காது.

உறைக்குள் இருக்கும் தாளில் எத்தனை நொடி வெந்நீரில் வைக்க வேண்டும் என்று போட்டிருக்கும். ஒரு கம்பெனிக்கும் இன்னொன்றுக்கும் இது மாறும், ஆகவே பக்கத்து வீட்டுக் கணக்கு உதவாது. பொதுவாக, தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் கார்டைப் போட வேண்டும். தளதளவென்று கொதிக்கும் நீரில் விட்டால் சுருண்டுவிடும். நொடியைக் கடிகாரத்தைப் பார்த்து எண்ணுங்கள். ஜல்லிக்கரண்டியால் எடுத்து நீரை உதறி, குளிர்ந்த நீரில் ஒரு நொடி முக்குங்கள். உங்கள் புறங்கையில் வைத்துப் பார்த்துப் பொறுக்கும் சூடு என்று தெரிந்த பிறகே பிள்ளையின் வாய்க்குப் போக வேண்டும். இந்த வேலையை மகன் பெரியவன் என்று அவனிடம் விடாதீர்கள்.

வாயில் வைத்ததும் இரண்டு பெருவிரல்களாலும் மேல்நோக்கி ஏற்றி உட்கார வையுங்கள். பிறகு மெதுவாகக் கடிக்கச் சொல்லுங்கள். கீழ்ப்பல்லின் தடம் லேசாகப் பதிந்தால் போதும். கார்டின் உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சுவது போல உறிஞ்ச வேண்டும், நாக்கை அண்ணத்தோடு சேர்த்து அழுத்த வேண்டும். அதே நேரத்தில் நீங்கள் வெளியிலிருந்து உதட்டின் மேலும் கன்னத்தின் மேலும் விரலால் பல்லை நோக்கி அழுத்திக்கொடுங்கள். முன்பற்களின் ஒவ்வொரு மேடும் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். இப்படியே அரை நிமிடம். வெளியே எடுத்ததும் குளிர்ந்த நீரில் ஒன்றிரண்டு நிமிடம் போட்டுவையுங்கள்.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்ப்பது சுலபம். வாயை அகலத் திறந்தாலும் விழக்கூடாது, நாக்கால் லேசாகத் தள்ளினாலும் இறங்கக்கூடாது. விரலால் இழுத்து எடுக்கும்போது காற்று பிடித்த மாதிரி ஒரு சின்னத் தடை இருக்க வேண்டும். தன் பெயரையும் அணியில் நாலு பேர் பெயரையும் சொல்லச் சொல்லுங்கள், புரிய வேண்டும். தண்ணீர் குடிக்க முடிய வேண்டும். வீட்டு வாசலில் நாலு முறை ஓடிவிட்டு வந்து மூச்சு முட்டவில்லை என்று சொல்ல வேண்டும். இதில் எதுவும் சரிப்படவில்லை என்றால் மறுபடி வெந்நீரில் போட்டு ஒருமுறை முயலலாம். அந்தக் கம்பெனி அதை அனுமதிக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்ப இளக்கினால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மெலியும். இரண்டு முறைக்கு மேல் போனால் புதிதாக ஒன்று வாங்குவதே மேல்.

இந்தக் காரணத்துக்காகவே ஒரு சின்ன யோசனை. விலை உயர்ந்த வெந்நீர்க் கார்டு ஒன்றை வாங்கும் பணத்தில் சாதாரண, ஆனால் பல் மேல் நன்றாகப் படியும் கார்டு இரண்டு வாங்க முடியுமென்றால், இரண்டாகவே வாங்குங்கள். முதலாவது பழகுவதற்கு. அதில் கை திருந்திவிடும். இரண்டாவது நன்றாக வந்துவிட்டால் முதலாவது பையில் மாற்றாக இருக்கட்டும்.

மகளுக்கு வருவோம். உலகக் கராத்தே கூட்டமைப்பின் விதிகளில் எதிராளியோடு மோதும் குமிதேவுக்கு மவுத் கார்டு கட்டாயம். ஆகவே அவள் போட்டிக்குப் போகும்போது எப்படியும் வேண்டியிருக்கும், இப்போதே பழகுவது நல்லது. ஒன்பது வயதில் நடு முன்பற்கள் நிலைப்பற்களாகவே வந்துவிட்டிருக்கும். ஆனால் வேரின் நுனி முழுசாக மூடியிருக்காது. அந்த வயதில் அடிபட்டால் பல்லின் உயிர் பிழைக்கவும் வாய்ப்பு உண்டு, வளர்ச்சி பாதியில் நின்றுபோகவும் வாய்ப்பு உண்டு. பக்கத்துப் பால்பற்கள் இன்னும் மூன்று வருடத்துக்கு விழுந்துகொண்டும் முளைத்துக்கொண்டும்தான் இருக்கும். இந்த வாய்க்கு அளவு கொடுத்துச் செய்வது, வளர்கிற பிள்ளைக்குப் பட்டுச் சட்டை தைப்பது போல. ஆறு மாதத்தில் இறுக்கமாகிவிடும். சிறுவர் அளவில் வெந்நீர்க் கார்டு வாங்குங்கள். உறையில் இத்தனை வயதுவரை என்று போட்டிருப்பார்கள். அதை ஒரு குறிப்பாக மட்டும் எடுத்துக்கொண்டு வாயின் அளவைப் பாருங்கள். ஆடிக்கொண்டிருக்கும் பல் ஏதாவது இருந்தால் அது விழுந்த பிறகு கார்டை அமைப்பது உத்தமம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாட்டிப் பார்த்து, புதிதாக முளைக்கும் பல்லை அது அழுத்துகிறது என்று அவள் சொன்னால் மாற்றிவிடுங்கள். இந்த மூன்று வருடத்துக்கு மலிவான கார்டை அடிக்கடி மாற்றுவதே சரியான வைத்தியம்.

மகனுக்கு இந்த ஆறு மாதம் பெரியவர் அளவு வெந்நீர்க் கார்டு. கம்பி கட்டியதும் அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். கம்பியின் மேல் சாதாரண வெந்நீர்க் கார்டை இளக்கி அமைத்தால், கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டும் பிராக்கெட் என்ற சின்னத் துண்டுகளின் இடுக்குகளில் பிளாஸ்டிக் புகுந்து பிடித்துக்கொள்ளும். கழற்றும்போது பிராக்கெட்டும் கையோடு வந்துவிடும். போதாக்குறைக்கு, பற்கள் வாராவாரம் நகர்ந்துகொண்டிருக்க, கார்டு பழைய இடத்திலேயே பிடித்து நிறுத்தப் பார்க்கும். கம்பி போட்டவர்களுக்கு என்று மிருதுவான சிலிக்கான் கார்டு வருகிறது. வெந்நீர் வேண்டாம், பிராக்கெட்டுக்கு இடம் விட்டு உள்ளே ஒரு வாய்க்கால் மாதிரி இருக்கும். பிடிப்பு கொஞ்சம் தளர்வாகத்தான் இருக்கும், அதை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். கீழ்வரிசையிலும் கம்பி இருந்தால் இரண்டு வரிசையையும் மூடும் ரகம் நல்லது. அடிபடும்போது கம்பியே கத்தியாக மாறி உதட்டின் உட்புறத்தைக் கிழித்துவிடும். கம்பி கட்டப் போகும் மருத்துவரிடம் 'பையன் ஹாக்கி ஆடுகிறான்' என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். சிலர் பிராக்கெட்டை மெழுகால் மூடி அளவெடுத்துத் தாங்களே ஒன்று செய்து கொடுப்பார்கள். கம்பி கழற்றிய பின் பல் பழையபடி நகராமல் இருக்கக் கழற்றி மாட்டும் ரிட்டெய்னர் கொடுத்தால், மைதானத்துக்குள் போகும்போது அது பெட்டிக்குள் இருக்க வேண்டும்.

அதற்குள் அவனுக்குப் பதினாறு பதினேழு வயதாகிவிடும். பல்லும் ஓரிடத்தில் நின்றிருக்கும். அப்போதும் ஹாக்கியை விடாமல் ஆடினால், அளவு கொடுத்துச் செய்வதற்கு அதுதான் நேரம். பல வருடங்கள் உழைக்கும் என்பதால் கணக்குப் பார்த்தால் அப்போது அதுவே மலிவு. அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. இவிஏ தகட்டைச் சூடாக்கினால் நடுவில் தொங்கும். அதைப் பல் அச்சின் மேல் இழுத்துப் படிய வைக்கும்போது மிகவும் மெலிவது முன்பல்லின் மேல்தான். அடி விழுவதும் அங்கேதான். மூன்று மில்லிமீட்டர் தகடு ஒன்றை மட்டும் போட்டால் முன்னால் இரண்டுக்கும் கீழே போய்விடக்கூடும். ஆகவே 'இரண்டு தகடு சேர்த்து அழுத்திச் செய்வீர்களா, முன்பல்லில் எத்தனை மில்லிமீட்டர் நிற்கும்?' என்று கேளுங்கள். கேட்பதற்குச் சங்கடப்பட வேண்டாம். செய்யத் தெரிந்தவர் சந்தோஷமாகச் சொல்வார். பல் மருத்துவக் கல்லூரிகளில் மாணவர்கள் ஆசிரியர் மேற்பார்வையில் செய்து கொடுப்பதுண்டு. செலவு குறையும், நேரம் கூடும். வீட்டிலேயே அளவெடுத்து அனுப்பினால் செய்து தரும் லேப்களும் உண்டு. அந்த அளவு பிசகினால் எல்லாம் பிசகும் என்பதால் அதை நான் இரண்டாவது இடத்தில்தான் வைப்பேன்.

உங்கள் கணவரின் யோசனைக்குப் பதில்: வேண்டாம். அவர் இரவில் மாட்டுவது பல் தேயாமல் இருப்பதற்கு. பெரும்பாலும் கெட்டியான அக்ரிலிக்கில், மெல்லியதாக இருக்கும். அடிபட்டால் அது வாங்கிக்கொள்ளாது, அப்படியே பல்லுக்குக் கடத்தும் அல்லது வாய்க்குள்ளேயே உடையும். விளையாட்டுக்கு வேண்டியது மெத்தை, அவருடையது கெட்டியான ஓடு.

பராமரிப்பு பெரிய விஷயமில்லை. ஆடி முடித்ததும் குளிர்ந்த நீரில் அலசி, மென்மையான பிரஷ்ஷும் கொஞ்சம் சோப்பும் போட்டுத் தேய்த்து, ஈரம் போனதும் ஓட்டை உள்ள பெட்டியில் வையுங்கள். பற்பசை வேண்டாம், கீறல் விழும், கீறலில் கிருமி தங்கும். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டால் வடிவம் போய்விடும். வெந்நீரில் கழுவினாலும் அதே கதிதான். அண்ணன் கார்டைத் தங்கை போடக்கூடாது என்று சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன், ஆனாலும் சொல்லிவைக்கிறேன். வீட்டில் நாய் இருந்தால் பெட்டியை உயரத்தில் வையுங்கள். என்னிடம் கார்டு 'தொலைந்து' வந்தவர்களில் பாதிப்பேர் வீட்டில் அது நாயின் வாயில்தான் கிடைத்தது. விளிம்பு கிழிந்தாலோ, தளர்ந்துவிட்டாலோ, கடித்த இடத்தில் ஓட்டை விழுந்தாலோ மாற்ற வேண்டிய நேரம்.

கார்டு போட்டும் ஒரு நாள் அடி தப்பிப் பட்டுவிடலாம். பல் வேரோடு கழன்று விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று உங்களுக்கும் பயிற்சியாளருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பல்லின் வெள்ளைப் பகுதியை மட்டும் பிடித்து எடுங்கள், வேரைத் தொடவோ சுரண்டவோ கூடாது. மண் ஒட்டியிருந்தால் பாலிலோ ஓடும் குளிர்ந்த நீரிலோ சில நொடி மட்டும் அலசி, நிலைப்பல் என்றால் அங்கேயே குழிக்குள் பழையபடி செருகி, சுத்தமான துணியைக் கடித்துக்கொண்டு பல் மருத்துவரிடம் ஓட வேண்டும். செருகப் பயமாக இருந்தால் பாலில் போட்டு எடுத்துப் போங்கள். காகிதத்தில் சுற்றாதீர்கள், வெறும் தண்ணீரில் ஊறவும் விடாதீர்கள். வேரின் மேல் இருக்கும் உயிரணுக்கள் காய்ந்தால் ஒரு மணி நேரத்துக்குள் செத்துவிடும். முதல் பதினைந்து நிமிடத்துக்குள் செருகினால் பல் பிழைக்கும் வாய்ப்பு நிறைய. உங்கள் மகளுக்கு விழுந்தது பால்பல் என்றால் மட்டும் திரும்பச் செருகாதீர்கள், உள்ளே வளரும் நிலைப்பல்லைக் குத்திவிடும். பல் உடைந்து துண்டு கிடைத்தால் அதையும் ஈரமாக எடுத்துப் போங்கள், பல சமயம் ஒட்டிவிட முடியும். மகனின் நண்பனுடைய துண்டு அன்று புல்லிலேயே கிடந்ததோ என்னவோ.

இவ்வளவும் எதற்கென்றால், பதினான்கு வயதில் ஒரு முன்பல்லை இழந்தால் தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்லான இம்பிளான்டை உடனே வைக்க முடியாது. தாடை வளர்ந்து முடியும்வரை காத்திருக்க வேண்டும், அதுவரை தற்காலிகப் பல்லோடு ஓட்ட வேண்டும். அந்தச் செலவுக்கு முன்னால் எந்த ரகக் கார்டின் விலையும் ஒன்றுமில்லை. அதற்காக இருப்பதிலேயே விலை உயர்ந்ததைத்தான் வாங்க வேண்டும் என்று பயப்படவும் வேண்டாம்.

கடைசியாக, வாங்கிய கார்டு வாயில் இருக்க வேண்டுமே! புதிதாகப் போடும் பிள்ளைகளுக்கு எச்சில் ஊறும், பேச்சு குழறும், 'என்னால் முடியாது' என்பார்கள். மைதானத்தில் முதல்முறை போட வைக்காதீர்கள். ஒரு வாரம் வீட்டில் தினமும் இருபது நிமிடம், வீட்டுப்பாடம் எழுதும்போதோ டிவி பார்க்கும்போதோ போட்டுக்கொண்டு இருக்கட்டும். நாலைந்து நாளில் எச்சில் அடங்கிவிடும். எட்டாம் நாள் பயிற்சிக்கு எடுத்துப் போகட்டும். மகள் மட்டும் இன்னும் ஓங்கரிக்கிறாள் என்றால், கார்டின் பின்முனையிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் நறுக்கி, விளிம்பை நகம் தேய்க்கும் அரத்தால் மழுக்கிவிட்டு மறுபடி போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.